நல்ல காலில் சுற்றிய பஞ்சு

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. குழந்தைகள் இதயப் பிரிவில் அவள் ‘அமுக்கு அக்கா’. டாக்டர்கள் தொடை வழியாகக் குழாய் விட்டு இதயத்தைச் சரிசெய்வார்கள். குழாயை உருவியதும் அந்த ஓட்டையை விரலால் அமுக்கிப் பிடிப்பது பத்தொன்பது வருடமாக அவள் வேலை. “வீட்ல வாயத் திறந்தா என்னையும் அமுக்கிடுறா” என்பான் கணவன்.

அன்று ஏழு மாதப் பெண்குழந்தை. குறுகியிருந்த இதய வால்வு அழகாக விரிந்துவிட்டது. குழாயை உருவும்போதுதான் தமனி கிழிந்து, தொடை இடுக்கு எலுமிச்சை அளவுக்கு வீங்கியது.

“அழுத்துங்கக்கா, இன்னும்!” என்று பதறினார் டாக்டர்.

“இன்னும் அழுத்தினா ரத்தம் நிக்கும் டாக்டர். காலும் போயிடும்.”

வலக்கை விரல்கள் தொடையில், இடக்கை விரல் பாதத்தின் மேல். ரத்தமும் கசியக் கூடாது, பாதத்தில் நாடியும் நிற்கக் கூடாது. வீக்கம் நின்றது. ஆனால் கால் மணி நேரத்தில் பாதம் வெளுத்து, நாடி அடங்கிவிட்டது. அடிபட்ட தமனிக்குள் ரத்தம் உறைந்திருக்க வேண்டும். உறைவுக்கு டாக்டர் மருந்து ஏற்றினார். அதே மருந்து கிழிசலையும் மறுபடி கசியவைக்கும் என்பதால், அவள் விரலை எடுக்க வழியில்லை. இன்னொரு காலில் கதகதப்பான பஞ்சைச் சுற்றச் சொன்னாள்.

உள்ளே வந்த தாய் அலறினாள். “சிஸ்டர், கால் மாத்திக் கட்டியிருக்காங்க!”

“மாத்தலம்மா. ரத்தம் போகாத காலுக்குச் சூடு காட்டினா தோல் வெந்துடும். இதைச் சூடாக்கினா அந்தக் கால் ரத்தக்குழாயும் சேர்ந்து இளகும்.”

“இது சூடானது அதுக்கு எப்படித் தெரியும்?”

“அதைத்தான் நானும் இத்தனை வருஷமா யோசிக்கிறேன்.”

நரம்பு, அனிச்சை என்று டாக்டர்கள் விளக்கியதுண்டு. தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள். ஆனாலும் ஆச்சரியம் ஒருநாளும் குறைந்ததில்லை.

ஒரு மணி நேரம் போனது. மணிக்கட்டு மரத்தது. மூக்கு அரித்தது, டாக்டரே சொறிந்துவிட்டார்.

பாதத்தில் இருந்த விரலடியில் எறும்பு ஊர்வதுபோல ஏதோ அசைந்தது. தன் நாடியே தன்னை ஏமாற்றுகிறதோ? பலமுறை ஏமாந்தவள். மூச்சை அடக்கி எண்ணினாள். தன்னுடையதைப் போல இரண்டு மடங்கு வேகம். குழந்தையின் இதயத் துடிப்பைக் காட்டும் திரையில் துள்ளிய கோட்டோடு தப்பாமல் சேர்ந்து ஓடியது. அவளுக்கு மயிர் கூச்செறிந்தது. பெருவிரலிலிருந்து மெல்லச் சிவப்பு ஏறியது. தாய் அந்தப் பாதத்தின் அருகே முகத்தைக் கொண்டுபோனாள்.

மயக்கம் தெளிந்த குழந்தை காலை உதறப் பார்த்தது.

“ஏய் குட்டிக் கழுதை, ஆடாதடி. இன்னும் இருபது நிமிஷம் நீ என் பிடியில.”