ப்ரோகிராமை எதில் அடிப்பது?

கம்ப்யூட்டர் சென்டரில் சி லாங்குவேஜ் சொல்லிக்கொடுக்கிறவருக்கு சி மட்டும் தெரிந்தால் போதாது. அதை எதில் அடிப்பது என்று முதல் வகுப்பிலேயே யாராவது கேட்பார்கள், அதற்கும் ஒரு பதில் வைத்திருக்க வேண்டும். ப்ரோகிராம் அடிக்கிற இடத்துக்கு எடிட்டர் என்று பெயர். மரக்காணம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில், உரக்கடை மாடியில் இருந்த சென்டரில் 2004 முதல் 2006 வரை நான் மிஸ். இந்த வேலை பார்த்த உங்களுக்குத் தெரிந்திருக்கும், பாடத்தை விட எடிட்டர்தான் நம்மை அதிகம் படுத்தும்.

அழகான ப்ரோகிராம்

கீழே இருந்த உரக்கடையும் மேலே இருந்த சென்டரும் கணேசன் சாருடையவை. எல்லா மெஷினிலும் வேர்ட் இருக்கும்போது தனியாக ஒரு எடிட்டர் எதற்கு என்பது அவர் கேள்வி. ஒருநாள் என் புத்தகத்தைப் பார்த்து ஒரு சின்ன ப்ரோகிராமை அவரே வேர்டில் அடித்தார். முதல் வரி போல்டு, கடைசி வரி சிவப்பு.

அலங்காரத்தையெல்லாம் எடுத்துவிட்டு வெறும் எழுத்தாக சேவ் செய்து ஓட்டினேன். அப்படியும் திரை முழுக்க எரர். நேராக இருக்க வேண்டிய மேற்கோள் குறியை வேர்ட் தானாகவே வளைத்துவிடும், ப்ரோகிராமை மெஷின் பாஷைக்கு மாற்றுகிற கம்பைலருக்கு அது புரியாது என்று விளக்கினேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அழகா அடிச்சா புரியலைன்னு சொல்ற மெஷினை இப்பதாம்மா பார்க்கிறேன்."

கரை தெரியாத எடிட்டர்

சாயந்திர வகுப்பு எடுத்த பாஸ்கர் சார் பாண்டிச்சேரியிலிருந்து வருவார். அவருக்கு வி.ஐ. என்ற எடிட்டர்தான் உயிர். பத்திரிகையோடு வந்த சிடியிலிருந்து லினக்ஸ் ஏற்றி, ஒரு மெஷினில் அதைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். அதில் உட்கார்ந்தவர் அனுமந்தை கிராமத்திலிருந்து படிக்க வந்த முருகன். டிப்ளமோ முடித்துவிட்டு, வேலை கிடைக்கிற வரைக்கும் அப்பாவோடு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். அவர் எதைத் தட்டினாலும் எழுத்து வரவில்லை, பீப் சத்தம்தான் வந்தது. மூடவும் வழி தெரியவில்லை. கடைசியில் பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

பாஸ்கர் சார் திரும்பி வந்து, "ஏம்பா, எதுக்கு ஆஃப் பண்ணினே?" என்றார். முருகன் நிதானமாகப் பதில் சொன்னார்: "வெளிய வர்ற வழி தெரியலை சார். கடல்ல கூட கரை எந்தப் பக்கம்னு தெரிஞ்சிடும்."

வெள்ளைத் திரை

இத்தனைக்கும் பிறகு நோட்பேட் போதும் என்று முடிவு செய்தேன். எளிமையானது, எல்லா மெஷினிலும் இருக்கிறது. பொங்கல் வரை வகுப்பு ஒழுங்காகப் போனது. அப்புறம் உப்பு சீசன் ஆரம்பித்தது. தேவகி விடியற்காலையில் அம்மாவோடு உப்பளத்துக்குப் போய் உப்பு வாரிவிட்டு, நேராக வகுப்புக்கு வருவாள். வகுப்பிலேயே வேகமாக லாஜிக் போடுகிறவள் அவள்தான். அவள் திடீரென்று தப்புத் தப்பாக அடிக்க ஆரம்பித்தாள். ஒருநாள் பார்க்கிறேன், கன்னத்தில் கண்ணீர் வழிகிறது. வீட்டில் ஏதோ பிரச்சினை என்று நினைத்துத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அழலை மிஸ். இந்த வெள்ளையைப் பார்த்தா உப்பு மேல வெயில் அடிக்கிற மாதிரியே இருக்குது. கண்ணைத் திறக்க முடியலை" என்றாள்.

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. எளிமை எளிமை என்று பார்த்தேனே தவிர, அதைப் பார்க்கிற கண்ணை நான் யோசிக்கவில்லை. திண்டிவனத்தில் கண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். சொட்டு மருந்தும் வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடியும் கொடுத்தார். மறுநாளே அவள் மெஷினில் டர்போ சி என்ற எடிட்டரைத் திறந்து வைத்தேன். நீலத் திரை, மஞ்சள் எழுத்து. நீலத்தைப் பார்த்தால் பழைய மெஷின் என்று பெற்றோர் நினைப்பார்களே என்று கணேசன் சார் கவலைப்பட்டார். தேவகி அன்றைக்கு வகுப்பு முடியும் வரை எழுந்திருக்கவே இல்லை. போகும்போது சொன்னாள்: "இப்ப எழுத்து மட்டும்தான் மிஸ் தெரியுது, வெயில் தெரியலை."

சென்னையில்

சென்னையில் ஒரு கம்பெனி தேவகியை வேலைக்கான டெஸ்டுக்குக் கூப்பிட்டது. அங்கே எந்த எடிட்டர் இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. நோட்பேட் கொடுத்தால் அவள் கதி என்ன? இந்த வேலை கிடைக்கவில்லையென்றால் படிப்பை நிறுத்திவிட்டு முழுநாளும் உப்பளம்தான் என்று அவள் அம்மா சொல்லியிருந்தார். பாஸ்கர் சார் பொறுமையாக உட்கார்ந்து அவளுக்கு வி.ஐ. சொல்லிக்கொடுத்தார், வெளியே வருகிற வழியை முதலில். விண்டோஸ் திரையையே கறுப்பாக மாற்றுவது எப்படி என்று நான் காட்டினேன்.

டெஸ்டில் நோட்பேட்தான். அவள் உட்கார்ந்ததும் திரையைக் கறுப்பாக்கிவிட்டாள். மேற்பார்வைக்கு வந்தவர் மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்து வேறு இடத்துக்கு மாற்றப் பார்த்திருக்கிறார். "வேணாம் சார், நான்தான் மாத்தினேன், எனக்கு இப்படித்தான் தெரியும்" என்று எழுந்து நின்று சொல்லியிருக்கிறாள். மரக்காணத்தைத் தாண்டி அதுவரை தனியாகப் போகாத பெண். அவர் கொஞ்ச நேரம் பின்னாலேயே நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாராம்.

வேலை கிடைத்தது. சேர்ந்த அன்று சாயந்திரம் சென்டருக்கு போன் செய்தாள். சாப்பாடு, ஹாஸ்டல் எல்லாம் விசாரித்தேன். அதெல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "மிஸ், உனக்கு எந்த எடிட்டர் போடணும்னு என்னையே கேட்டாங்க. யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்னு சொல்லிட்டேன்."

எந்த எடிட்டர் நல்லது என்று நான் ஒரு முடிவுக்கு வருவதற்குள் என்னிடம் படித்தவர்கள் ஒவ்வொருவராக வேலைக்குப் போய்விட்டார்கள் என்பதுதான் என் டீச்சர் வாழ்க்கையின் சாதனை.