பழனியம்மாவின் காலும் என் புது பேட்ச்சும்

இன்னைக்கு நர்சிங் ஸ்டூடண்ட்ஸ் புது பேட்ச்சைக் கூட்டிக்கிட்டு முசிறி பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனேன். ஆளுக்கு ஒரு குடும்பத்தை ஒரு மாசம் பார்த்துக்கணும், கேஸ் எழுதணும். அதுதான் பயிற்சி.

பழனியம்மா வாழைத்தோட்டத்துல கூலி வேலை செய்யறவங்க. சுகர், பாதத்துல ஆறாத புண்ணு. எங்களைப் பார்த்ததுமே பிரஷர் பார்க்கக் கையை நீட்டிட்டாங்க. ஸ்டூடண்ட் வாயைத் திறக்கறதுக்குள்ள, சுகர் எப்ப வந்துச்சு, என்ன மாத்திரைன்னு வரிசையா ஒப்பிச்சாங்க.

"மெதுவா எழுதிக்க கண்ணு. போன தடவை வந்த பொண்ணு பாதியை விட்டுருச்சு."

ஸ்டூடண்ட் என் காதுல, "நல்ல பேஷண்ட் மேடம்!"ங்கறா.

போன பேட்ச் கிளம்பறப்ப அந்தப் புண்ணு ஆறிட்டு வந்துச்சு. அப்புறம் கட்டு மாத்த ஆளில்லை. அந்த ஊர் சுகாதார நிலையத்துல நர்ஸ் போஸ்ட்டே காலி. அதே காலோட தண்ணி நிக்கற தோட்டத்துல இறங்கி வேலை பார்த்திருக்காங்க. இன்னைக்குக் கட்டைப் பிரிச்சா எலும்பு தெரியுது.

இப்பவே திருச்சி பெரியாஸ்பத்திரிக்கு வாங்கன்னு கெஞ்சினேன்.

"அங்க போனா காலை எடுத்துருவாங்க டீச்சரம்மா. இந்தப் பொண்ணு நல்லாத்தானே கட்டுது? இதையாவது இங்க விட்டுட்டுப் போங்களேன்."

திரும்பி வர்ற பஸ்ல அந்தப் பொண்ணு ஜெர்மன் பாடம் படிச்சுக்கிட்டு வந்தா. ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போக, திருச்சி தென்னூர்ல கிளாஸாம். திட்ட வாய் வரலை. இங்க யாரு அவளுக்கு வேலை போட்டுத் தரப்போறா?

பழனியம்மா கால்ல கட்டுப் போடக் கத்துக்கிட்டவங்க யாராவது இதைப் படிச்சா, இப்ப எந்த நாட்டுல இருக்கீங்கன்னு கமெண்ட்ல சொல்லுங்க.

பழனியம்மா உங்களை விசாரிச்சாங்க.