கட் இன் பண்ணலாமா, சார்?

போன வாரம் புதன்கிழமை மதியம். ஒரு பனியன் கம்பெனியின் ஏ.சி. அறையில் உட்கார்ந்திருந்தேன். மேஜை முழுக்கக் கைக்குழந்தைகளுக்கான சட்டைகள். வெள்ளை வெளேரென்று, மேகத்தைத் துண்டு துண்டாக வெட்டித் தைத்து அடுக்கியதுபோல... கண்ணாடிக்கு அந்தப்பக்கம் தையல் மெஷின்களின் மெல்லிய இரைச்சல். உட்கார்ந்தபடியே எங்கோ மிதந்துகொண்டிருந்தேன்.

எனக்கு அங்கே என்ன வேலை?

மண்ணரையில் இருக்கும் அந்தக் கம்பெனி ஊழியர்களுக்குச் சனிக்கிழமைதோறும் ஸ்போக்கன் இங்கிலீஷ் எடுக்கிறேன். சரக்கு வாங்க வெளிநாட்டு பையர் யாராவது வந்தால் மொழிபெயர்க்கவும் கூப்பிடுவார்கள்.

முந்தின சனிக்கிழமைப் பாடம் – கட் இன். ஒருவர் பேசும்போது இன்னொருவர் இடையில் புகுந்து பேசினால் கட் இன். பல்லடம் ரோட்டில் தனியார் பஸ் சட்டென்று நம் வண்டிக்கு முன்னால் நுழைந்தால் அதுவும் கட் இன். கரண்ட் போனதும் ஜெனரேட்டர் தானாக ஓடத் தொடங்குகிறதே... அதுவும்தான்.

"அப்ப துணி வெட்டறதுக்கு என்னங்க பேரு?" என்று கட்டிங் மாஸ்டர் கேட்க, வகுப்பே சிரித்தது.

ஜெயராணி சிரிக்கவில்லை. தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து செக்கிங் பிரிவில் வேலை பார்ப்பவர். அதிகம் பேசாதவர். அன்று எழுந்து நின்றார்.

"பெரியவங்க பேசிட்டு இருக்கும்போது கட் இன் பண்ணலாமா, சார்?"

'ஸாரி டு கட் இன்' என்று சொல்லிவிட்டு யாரிடமும் பேசலாம் என்றேன். பெரிய வள்ளல்போல அனுமதி வேறு கொடுத்துவிட்டேன்!

புதன்கிழமைக்கு வருவோம். பையராக வந்த அம்மையார் சட்டைகளைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். மறுநாள் கன்டெய்னரில் ஏறவேண்டிய சரக்கு. மேனேஜர் அதன் தரத்தைப் பற்றிச் சொல்லச் சொல்ல, நான் ஆங்கிலத்தில் பொழிந்துகொண்டிருந்தேன். சட்டைகளை எடுத்துக் கொடுக்க நின்றிருந்த ஜெயராணி ஏதோ சொல்ல வாயெடுத்தார். கையைக் காட்டி அடக்கினேன். மறுபடி வாயெடுத்தார்.

"அப்பறம் பேசிக்கலாம் கண்ணு" என்றார் மேனேஜர். குரல் தணிவாகத்தான் இருந்தது. பார்வை அப்படி இல்லை.

அம்மையார் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

"ஸாரி டு கட் இன், மேடம்."

ஜெயராணி உள்ளங்கையை நீட்டினார். அதில் ஒரு டிச் பட்டன். லேசாக இழுத்ததும் சட்டையிலிருந்து கழன்று வந்திருக்கிறது. இன்னொரு சட்டையை எடுத்து இழுத்துக் காட்டினார். அதுவும் கழன்றது. அதற்குமேல் அவருக்கு ஆங்கிலம் வரவில்லை. பட்டனை வாயருகே கொண்டுபோனார். மறு கையால் தொண்டையைப் பிடித்துக் காட்டினார். மொழிபெயர்க்க எனக்கு எதுவும் மிச்சமில்லை.

அம்மையார் பேனாவை மூடினார்.

பட்டன் அடிக்கும் மெஷின் ஒன்றில் செட்டிங் தளர்ந்திருந்ததாம். எல்லாச் சட்டைகளையும் சரிசெய்த பிறகே அனுப்புவது என்று முடிவானது. மேனேஜர் ஜெயராணியை முறைத்துவிட்டு வெளியே போனார். ஜெயராணிக்கு வேலை போய்விடுமோ என்று பயந்தேன். வீட்டுக்கு வந்த பிறகும், அவரை அடக்க நான் நீட்டிய கைதான் கண்முன் நின்றது. பாடம் சொன்னவனே வாயை மூடச் சொன்னேனே... இதற்கு என்ன இங்கிலீஷ்?

சனிக்கிழமை வகுப்புக்கு மேனேஜரே வந்தார். எல்லார் முன்னாலும் ஜெயராணியைப் பார்த்து, "நானும் ஒரு பேத்திக்கு அப்புச்சிங்க. அன்னைக்குக் கோவத்துல அது ஞாபகத்துக்கு வரலீங்க" என்றார். சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

வகுப்பு முடிந்ததும் நானும் மன்னிப்புக் கேட்டேன். அன்று பயமாக இல்லையா என்றேன்.

"பயந்தான் சார்" என்றார் ஜெயராணி. "ஆனா, அந்தச் சட்டையப் போடுத புள்ளைக்குப் பேச வராதுல்லா?"