மங்கையர்க்கரசியின் கணக்கும் நம் பொன்னாடைகளும்

செகந்திராபாத்தில் தலைமுறைகளாக வேரூன்றி வாழும் தமிழ்க் குடும்பத்தாரே, மன்றத்தின் உறுப்பினர்களே, மங்கையர்க்கரசி அம்மையாரை அறிந்து இங்கே கூடியிருப்போரே, உங்கள் முன் ஒரு முறையீட்டோடு நிற்கிறேன். ஓவியக் கல்லூரியில் இடம் பெற்ற ஒரு பெண்ணை நம் மன்றத்தின் கல்வி நிதிக்குழு கைவிரித்து அனுப்பியது. அந்தப் படிப்பு சோறு போடாது என்பதே நாம் சொன்ன காரணம். அதை உரக்கச் சொன்ன வாய் என்னுடையது. செய்வது தவறு என்றவர் குழுவில் ஒருவர்தாம். அவரைத்தான் சென்ற செவ்வாயன்று இழந்தோம்.

அன்று காலை மின்கட்டணம் செலுத்தும் வரிசையில் நின்றிருந்தேன். அம்மையாரின் கணவர் சண்முகம் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணாச்சி, மங்கை போயிட்டா" என்றார். காய்ச்சல் என்று மருத்துவமனையில் சேர்த்தவர் ஓரிரு நாளில் வீடு திரும்புவார் என்றுதான் நாம் எல்லாரும் இருந்தோம். "அந்தப் புள்ளைக்குப் பணம் கட்டியாச்சான்னு நேத்துகூடக் கேட்டா. நான் என்ன சொல்ல?" என்றார் அவர். வரிசையை விட்டு வெளியே வந்து, லோத்குண்டாவில் உள்ள அவர்கள் வீட்டுக்குப் புறப்பட்டேன்.

காஞ்சன்பாக்கில் ஒரு பாதுகாப்புத்துறைத் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர் அம்மையார். நெல்லைப் பேச்சை ஐதராபாத்தின் எந்த மொழிக்கும் விட்டுக்கொடுக்காதவர். நான் மேடையிலிருந்து இறங்கும்போதெல்லாம், "பேச்சு நல்லாருந்து அண்ணாச்சி. அடக்கவிலை என்ன?" என்பார். முதலில் எனக்குச் சினம் வந்தது. சொன்ன சொல்லுக்கு ஆகும் செலவை யார் ஏற்பார்கள் என்பதே அந்தக் கேள்வியின் பொருள் என்று பின்னரே விளங்கியது.

நிதிக்குழுக் கூட்டத்துக்கு வருகிறேன். குகட்பள்ளி வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் வாழும் மின்தூக்கிப் பழுதுபார்ப்பவர் ஒருவரின் மகள் கயல்விழிதான் அந்தப் பெண். நம் விண்ணப்பத்தில் ஒரு கட்டம் உண்டு: படிப்பு முடிந்தபின் எதிர்பார்க்கும் மாத ஊதியம். பொறியியல் படிக்கப் போகும் பிள்ளைகள் அதில் கண்ணிமைக்காமல் ஒரு தொகையை எழுதுவார்கள். கயல்விழி வெறுமையாக விட்டிருந்தாள். காரணம் கேட்டேன். "தெரியாது அங்கிள். தெரியாம எப்படி எழுதறது?" என்றாள்.

நான் எழுந்தேன். கலையைத் தலைமேல் வைத்துப் போற்றுகிறோம். ஆனால் நம் நிதி போக மீதிக்காக ஓர் எளிய தந்தையின் தலைமேல் கடனை வைக்கமாட்டோம் என்று முழங்கினேன். குழுவில் இருந்தவர்கள் கைதட்டினீர்கள். அது ஓய்ந்தபின் அம்மையார் கேட்டார்: "இதுவரைக்கும் நாம பணம் குடுத்த பிள்ளைங்க, அந்தக் கட்டத்துல எழுதுன சம்பளத்தை வாங்குதாங்களான்னு யாராவது போய்ப் பாத்தோமா?" எவரும் பார்த்திருக்கவில்லை. இருந்தும் அவர் கை ஒன்றைத் தவிர எல்லாக் கைகளும் மறுப்புக்கே உயர்ந்தன.

அவர் சண்டையிடவில்லை. "ஞாயித்துக்கிழமை சும்மாதானே இருப்பிய? என்கூட வாங்க" என்றார். குகட்பள்ளிக்குப் போனோம். கயல்விழிக்கு இரண்டு இடங்கள் கிடைத்திருந்தன. ஒன்று நகரிலுள்ள அரசுக் கல்லூரி. மற்றது வேறு நகரத்தில், விடுதியோடு கூடிய தனியார் கல்லூரி. அவள் மனம் தனியார் கல்லூரியின் வழவழப்பான விளக்க ஏட்டில் இருந்தது. அம்மையார் தரையில் அமர்ந்து ஒரு தாளை நடுவில் கோடிட்டு இரண்டு பக்கமும் எழுதினார். கட்டணம், வண்ணங்கள், போக்குவரத்து, விடுதி, வட்டி என்று எதையும் விடவில்லை. எழுதி முடித்து அவளிடம் சொன்னார்:

"இங்க நாலு வருசத்துக்கும் ஆகுற செலவு உங்கப்பாவோட ஒரு வருசச் சம்பளத்துல அடங்கிரும். அங்க போனா இந்த வீட்டை வித்தாலும் அடங்காது. படிச்சு முடிச்சு மொத ரெண்டு மூணு வருசம் வருமானம் கம்மியாத்தான் இருக்கும். நான் பொய் சொல்ல மாட்டேன். கடன் இல்லேன்னா அந்தக் கம்மியில நீ நின்னுக்கலாம். கடன் இருந்தா கெடச்ச வேலைக்கு ஓடுவே. வரையறது போயிரும்."

கயல்விழி தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ப்ரைவேட் நக்கோ ஆண்டி, வேணாம். இங்கயே சேர்றேன்" என்றாள். அவள் தந்தை சிரித்தார். "லிஃப்டுகூட ஒரு தடவ அமுக்கினா வருதுங்கம்மா. இவள நான் ஒரு மாசமா அமுக்கியும் வரல." ஆனால் அரசுக் கல்லூரிக்கான சிறிய தொகையும் அவரிடம் இல்லை. மூத்த மகனின் பொறியியல் படிப்புக்கு வாங்கிய கடனை இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறார்.

அடுத்த ஞாயிறு ராஜேந்திரன் வீட்டுக்குச் சென்றோம். நம் ஆண்டு விழா மேடைக்குப் பின்னால் திரை ஓவியம் தீட்டுபவர் அவரே என்பது உங்களுக்குத் தெரியும். இரயில்வே பணிமனைக் குடும்பத்தில் பிறந்தவர், ஓவியப் பட்டதாரி, இனிப்புக் கடைகளுக்குப் பெட்டி வடிவமைப்பவர். வருமானம் எப்படி என்று அம்மையார் நேராகவே கேட்டார்.

"குடும்பம் ஓடுதுக்கா. கூடப் படிச்சவன் ஒருத்தன் கம்ப்யூட்டர் கேமுக்குப் படம் போடறான், என்னைவிட நாலு மடங்கு வாங்கறான். இன்னொருத்தன் எல்லாத்தையும் விட்டுட்டு ஃபோன் கடை வெச்சிருக்கான்."

"நம்ம ஆளுங்க வேலை குடுக்காங்களா?"

"ஹவ், ஆமாக்கா, குடுக்கறாங்களே" என்று எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார். பிரிக்காத மடிப்போடு மூன்று பொன்னாடைகள். "மூணு வருசம் மன்றத்துக்கு வரைஞ்சேன். கூலி இதான். துணிக்கும் பெயின்ட்டுக்கும் என் காசு." என் பக்கம் திரும்பினார். "அண்ணாதான் போத்தினாரு. அழகா பேசினாரு. எதுக்குப் பொய் சொல்லணும், கண்ணுல தண்ணி வந்துடுச்சு."

அவர் கேலி செய்யவில்லை என்பதுதான் என்னைத் தலைகுனிய வைத்தது. பந்தல்காரருக்குப் பணம் கொடுத்தோம். ஒலிபெருக்கிக்காரருக்கும் சமையற்காரருக்கும் பேசிய தொகையை அன்றே எண்ணிக் கொடுத்தோம். ஓவியருக்கு மட்டும் விலை பேசுவது அவரை இழிவுபடுத்துவதாகும் என்று எண்ணி, துணியைப் போர்த்திக் கைகுவித்து அனுப்பினோம். கலைக்கு ஊதியம் இல்லாமல் செய்த கைகளாலேயே, கலையில் ஊதியம் இல்லை என்று ஒரு பெண்ணின் விண்ணப்பத்தையும் தள்ளினோம்.

பேருந்தில் திரும்பும்போது, இதற்காகத்தான் என்னை அழைத்து வந்தீர்களா என்று அம்மையாரைக் கேட்டேன். "நான் சொன்னா கணக்குக்காரி பொலம்புதான்னுட்டுப் போயிருவாங்க. நீங்க சொன்னா உக்காந்து கேப்பாங்க. நீங்க கெடுத்ததை நீங்கதானே சரிபண்ணணும்?" என்றார். அடுத்த பொதுக்கூட்டத்தில் பேசுவதாக வாக்களித்தேன். அந்தக் கூட்டத்தில் வெளியூரிலிருந்து வந்த விருந்தினரை வரவேற்று முக்கால் மணி நேரம் பேசினேன். கயல்விழியைப் பற்றிப் பேச நேரமில்லை என்று அம்மையாரிடம் சொன்னேன். அடுத்த வாரம் அவருக்குக் காய்ச்சல் கண்டது.

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது ஒன்றுதான். ஒன்றைப் பற்றிப் பேசுமுன் அது நடக்கும் இடத்துக்கு நேரில் போய்ப் பார்ப்பார். பார்த்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வார். கலைப் படிப்பு அனைவரையும் வாழவைக்கும் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஃபோன் கடை வைத்தவரையும் பின்னர் தம் தாளில் சேர்த்து எழுதினார். எந்தச் செலவில் படித்தால் ஒருவர் தோற்றாலும் எழுந்து நிற்க முடியும் என்று மட்டுமே கணக்கிட்டார். இத்தனை ஆண்டுகள் மேடையில் நின்ற நான், அந்த ஒரு தாளுக்கு இணையாக எதையும் பேசியதில்லை.

தோழர்களே, கயல்விழி கல்லூரியில் பணம் செலுத்த நாளை மறுநாள் கடைசி நாள். நிதி இருக்கிறது. உறுப்பினர்கள் இருக்கிறீர்கள். மறுத்த குழுவும் இங்கேயே முன்வரிசையில் அமர்ந்திருக்கிறது. ராஜேந்திரனின் மூன்றாண்டுக் கூலியை இன்று நான் என் கையிலிருந்து தருகிறேன். நான் போர்த்தியதற்கு அது என் பொறுப்பு. கயல்விழியின் பொறுப்பு உங்கள் அனைவருடையது. அமைதி வணக்கத்துக்காக இப்போது எழுந்து நிற்கப் போகிறீர்கள். செயலாளர் அவர்களே, எழுந்தவர்கள் மீண்டும் அமர்வதற்குள் தீர்மானத்தை வாக்குக்கு விடுங்கள். அந்தப் பெண்ணுக்கு நிதி வழங்க இசைவோர், கையை உயர்த்துங்கள்.