அத்தையின் கட்டைவிரலும் என் ஹார்னும்

ஏழாவது வயதில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. அத்தையின் ஸ்கூட்டருக்கு ஹார்ன் அடிக்கும் வேலை. சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது. ஆனாலும் அந்த வேலைக்காக நான் யாரையும் விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தேன். யாரை விட்டுக்கொடுத்தேன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

அத்தை என் அப்பாவுக்கு அக்கா. எங்கள் வீட்டு மாடியில் தனியாக இருந்தாள். மாமா என்று ஒருவர் இருந்தார், அவரைப் பற்றிக் கேட்கக் கூடாது என்பது மட்டும் எனக்குத் தெரியும். மதுரை ஒத்தக்கடையில் அத்தை ஒரு பியூட்டி பார்லர் வைத்திருந்தாள். புருவம் திருத்துவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, மீதியைக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் மாட்டி அவள் விரித்து மூடுகிற வேகத்தில், நாற்காலியில் இருப்பவர் ‘ஆ’ என்பதற்குள் ஒரு புருவம் முடிந்திருக்கும். தை மாதத்துக் கல்யாணப் பெண்கள் ஐப்பசியிலேயே வந்து சொல்லி வைத்துவிட்டுப் போவார்கள்.

அத்தை இடது கைக்காரி. வலியும் இடது கட்டைவிரலின் அடியில்தான் வந்தது. முதலில் ஊறுகாய் பாட்டிலின் மூடியைத் திறக்க முடியவில்லை. அப்புறம் பூட்டில் சாவியைத் திருப்ப முடியவில்லை. கடைசியில் ஒருநாள் நூலே கையில் நிற்காமல் போய், ஒரு வாடிக்கையாளரின் புருவம் பாதியில் நின்றுவிட்டது. அந்த வாடிக்கையாளர் எங்கள் வகுப்பு டீச்சர். மறுநாள் ஒரு புருவம் மெலிந்தும் ஒரு புருவம் தடித்தும் அவர் வாய்ப்பாடு கேட்டபோது வகுப்பே குனிந்து சிரித்தது. நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

கே.கே. நகரில் இருந்த எலும்பு டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்திருக்கிறது என்றார். தேய்மானம் என்றால் முழங்காலுக்குத்தான் என்று நினைத்திருந்த அப்பாவுக்கு இது நம்பவே முடியாத செய்தியாக இருந்தது. விரலுக்குமா, விரலுக்குமா என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தார். டாக்டரம்மா கட்டைவிரலை அசையாமல் நிறுத்திப் பிடிக்க ஒரு பெல்ட் கொடுத்தார். வாரம் இரண்டு தடவை மெழுகு ஒத்தடத்துக்கு வரச் சொன்னார். துணி பிழியக் கூடாது, மூடி திருகக் கூடாது, நூலைக் கொஞ்ச காலம் தொடவே கூடாது, கட்டைவிரலால் எதையும் அழுத்தக் கூடாது.

ஸ்கூட்டரில் ஹார்ன் இருப்பது இடது கட்டைவிரலுக்குப் பக்கத்தில். ஹார்ன் இல்லாமல் மேலூர் ரோட்டில் வண்டி ஓட்டுவது ஆகிற காரியமா? அத்தை வாசலில் வண்டியை நிறுத்திவைத்துக்கொண்டு யோசித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“முன்னாடி ஏறி நில்லுடி. நான் சொல்றப்ப மட்டும் அமுக்கு.”

சொன்னபோது மட்டும் அமுக்கினேன் என்றால் சாமி கண்ணைக் குத்தும். லாரிக்கு அடித்தேன். ஷேர் ஆட்டோவுக்கு அடித்தேன். ரோட்டோரத்தில் தன் பாட்டுக்கு நின்ற ஆட்டுக்கு அடித்தேன். பூட்டியிருந்த கேட்டுக்கும் அடித்தேன். காற்று முகத்தில் அடிக்க, மதுரையே எனக்கு வழிவிட்டு ஒதுங்குவதாக இருந்தது. மாட்டுத்தாவணி பக்கம் ஒரு பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி, “யக்கா, பாப்பாவ வீட்ல விட்டுட்டு வாங்கக்கா” என்று கும்பிட்டார். அவருக்கும் ஒன்று அடித்தேன்.

ஆஸ்பத்திரியில் அதைவிடப் பெரிய வேடிக்கை. உருகிய மெழுகுத் தொட்டியில் அத்தை கையை முக்கி எடுப்பாள், காயவிடுவாள், மறுபடியும் முக்குவாள். ஏழெட்டுத் தடவையில் கைக்கு வெள்ளையாக ஒரு உறை வந்துவிடும். அதைத் துண்டில் சுற்றி வைத்திருந்து, சூடு ஆறியதும் உரிப்பார்கள். உரிக்கும் உரிமையையும் அழுது வாங்கிக்கொண்டேன். ஒருநாள் ஐந்து விரலும் கிழியாமல் முழுக் கையாக வந்தபோது நான் போட்ட கூச்சலில் பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அதைத் திரும்பவும் தொட்டியிலேயே போட்டு உருக்கிவிட்டார்கள் என்பதுதான் அந்த நாட்களில் எனக்கிருந்த ஒரே துக்கம்.

ஆறு வாரம் ஆகியும் வலி முழுசாகப் போகவில்லை. டாக்டரம்மா மூட்டிலேயே ஒரு ஊசி போட்டார். சில மாதம் தாங்கும், திரும்ப வந்தால் ஆப்பரேஷன் பற்றி யோசிக்கலாம் என்று அவர் சொன்னபோது நானும் பக்கத்தில்தான் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் காதில் ஏறவில்லை.

பத்தே நாளில் அத்தை ஊறுகாய் பாட்டிலைத் தானே திறந்து வீடு முழுக்கக் காட்டிக்கொண்டு வந்தாள். நூலைத் தொட்டுப் பார்த்தாள். தை மாதத்துக்கு நான்கு கல்யாணப் பெண்களை ஒப்புக்கொண்டாள். மறுநாள் காலையில் நான் வழக்கம்போல ஸ்கூட்டரில் ஏறிக் கையை நீட்டுவதற்குள், அவளே கட்டைவிரலை வைத்து நீளமாக ஒரு ஹார்ன் அடித்தாள். தெருவில் ஒரு ஆள் இல்லை, ஒரு கோழிகூட இல்லை. மறுபடியும் அடித்தாள். சிரித்துக்கொண்டே மறுபடியும் அடித்தாள்.

“இனிமே ஒனக்கு ரெஸ்ட்டுடி” என்றாள்.

நான் இறங்கிவிட்டேன். அன்று பூராவும் யாரோடும் பேசவில்லை. அம்மா வயிற்றுவலி என்று நினைத்து ஓமத்தண்ணீர் கொடுத்தாள். சாயங்காலம் தெருமுனைப் பிள்ளையாரிடம் போய், அத்தைக்குத் திரும்பவும் வலி வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். ரொம்ப வேண்டாம், ஹார்ன் அடிக்க முடியாத அளவுக்கு வந்தால் போதும். காணிக்கையாக ஒரு கிரீம் பிஸ்கட் வைத்தேன். நடுவிலிருந்த கிரீமை மட்டும் வரும் வழியிலேயே நக்கியிருந்தேன்.

தை பிறந்த வாரமே வலி திரும்பிவிட்டது. முதல் கல்யாணப் பெண்ணை முடித்துவிட்டு வந்த அத்தை, பெல்ட்டை எடுத்து மாட்டிக்கொண்டு படுத்துவிட்டாள். கடையை வேறு யாருக்காவது கைமாற்றிவிடலாம் என்று அப்பா மெதுவாக ஆரம்பித்தார். அத்தை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மறுநாள் “ஏறுடி” என்று அவள் கூப்பிட்டதும் நான் ஓடிய ஓட்டத்தில் செருப்பு மாட்ட மறந்துபோனேன். கே.கே. நகர் வரைக்கும் விடாமல் அடித்தேன். அத்தை ஒருதடவைகூடத் திட்டவில்லை.

ஆப்பரேஷன்தான் நல்லது என்றார் டாக்டரம்மா. கை தேற மூன்று மாதத்துக்கு மேல் ஆகும் என்றார். அதற்குப் பிறகு நூல் பிடிக்க முடியுமா என்று அத்தை கேட்டாள். நிறையப் பேருக்கு முடிகிறது என்றார் அவர். அத்தை அதே கேள்வியை இன்னொரு தடவை கேட்டாள்.

திரும்பும்போது கரும்புச்சாறு கடையில் நிறுத்தினாள். நான் குதித்துக்கொண்டிருந்தேன்.

“என்னடி, இம்புட்டு சந்தோசம்?”

“நான்தான் அத்தை பிள்ளையார்ட்ட வேண்டிக்கிட்டேன். ஒங்களுக்குத் திரும்ப வலி வரணும்னு. வந்துருச்சு பாத்தீங்களா?”

பாராட்டுவாள் என்று காத்திருந்தேன். அத்தை டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடிக்கப்போகிறாளோ என்று நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். அவள் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“நீ கேட்டா சாமி குடுக்குதுன்னா, இன்னொண்ணு கேளு. வா.”

மாமா போனதிலிருந்து அத்தை எந்தக் கோயில் வாசலையும் மிதித்ததில்லை என்று அம்மா சொல்லியிருந்தாள். அன்று பிள்ளையாருக்கு முன்னால் வண்டியை நிறுத்தினாள். ஆப்பரேஷன் முடிந்து கை பழையபடி வரவேண்டும் என்று கேட்கச் சொன்னாள். அப்ப ஹார்ன் யாருக்கு என்று நான் பேரம் பேசினேன். எப்பவும் உனக்குத்தான் என்றாள். அதன் பிறகே கேட்டேன், சத்தமாக. வைகாசிக் கல்யாணங்களுக்கு அத்தை நூலோடு போய் நின்றபோது அந்தப் பெருமையையும் நானே எடுத்துக்கொண்டேன்.

அன்று வேண்டி முடித்துத் திரும்பிப் பார்த்தால், அத்தை எனக்குப் பின்னால் கண்ணை மூடிக் கை கூப்பி நின்றிருந்தாள். பெல்ட் தடுத்ததால் இடது கட்டைவிரல் மட்டும் மற்ற விரல்களோடு சேராமல் தனியாக நீட்டிக்கொண்டிருந்தது. எனக்காக விளையாடுகிறாள் என்றுதான் நினைத்தேன். போதும் அத்தை, சாமி கேட்டுருச்சு என்று துப்பட்டாவைப் பிடித்து இழுத்தேன். அவள் கண்ணைத் திறக்கவில்லை.