வெள்ளைச் சட்டையில் டயர் தடம்

வீட்டில் வாஷிங் மெஷின் இருக்கிறது. இருந்தும் என் மகனின் கராத்தே உடுப்பை மட்டும் கையால்தான் துவைக்கிறேன். வெள்ளைத் துணி, அதுவும் முழங்காலில் மண், கழுத்தில் வியர்வை என்று ஊரிலுள்ள அழுக்கையெல்லாம் சேர்த்துக்கொண்டு வருகிற துணி. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கல்லில் விரித்துப்போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். சட்டையின் வலது கையில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, கறுப்பாக ஒரு பட்டை. பட்டைக்குள் சின்னச் சின்னக் கட்டங்கள். பார் சோப்பு போட்டேன், எலுமிச்சம்பழத் தோலைத் தேய்த்தேன், பழைய பல் பிரஷ்ஷால் சுரண்டிப் பார்த்தேன். கொஞ்சம் சாம்பல் நிறமானதே தவிர போகவில்லை. அது டயர் தடம்.

நீங்களும் இந்தக் கூத்தைப் பார்த்திருப்பீர்கள். பிள்ளைகளை மைதானத்தில் வரிசையாகக் குப்புறப் படுக்கவைத்து, கைகளை முன்னால் நீட்டச் சொல்லி, அந்தக் கைகளின் மேல் பைக் ஓட்டிப் போவார்கள். ஆண்டு விழா என்றால் ஒரு தடவை, சுதந்திர தினம் என்றால் ஒரு தடவை. மைக்கில் ஒருவர் சாதனை, சாதனை என்று கத்திக்கொண்டிருப்பார். பெற்றவர்கள் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்து போனில் படம் பிடிப்பார்கள். அந்த முன்வரிசையில்தான் நானும் உட்கார்ந்திருந்தேன். ஐந்தாவது படிக்கிற என் மகனின் கைமேல் பைக் ஏறி இறங்கியதை ஒழுங்காக, கை நடுங்காமல் படம் பிடித்தேன். ஸ்டேட்டஸிலும் வைத்தேன். என் நாத்தனார் இதயம் இதயமாக அனுப்பியிருந்தாள்.

கறையைத் தேய்க்கத் தேய்க்க எனக்கு இன்னொரு கறை ஞாபகம் வந்துவிட்டது. அதுவும் கராத்தே உடுப்பில் பட்டதுதான், அதுவும் கைப்பக்கம்தான். ஆனால் அது பலாப்பால் கறை. பலாப்பாலைப் பற்றித் தெரியாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். கையில் பட்டால் எண்ணெய் போட்டு எடுத்துவிடலாம், துணியில் பட்டால் அந்தத் துணிக்கே அடையாளமாகிவிடும்.

நான் கல்வராயன் மலைக்காரி. வெள்ளிமலையிலிருந்தும் இன்னும் உள்ளே தள்ளி எங்கள் ஊர். மேட்டு நிலத்தில் சாமையும் மரவள்ளியும் போடுவோம், வீட்டுக்குப் பின்னால் பலாமரங்கள். ஆறாவதுக்கு என்னை மலைக்குக் கீழே, கீழ்நாட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்து ஹாஸ்டலில் விட்டார்கள். வகுப்பில் எனக்குப் பெயர் இருந்தும் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மலைக்காரி என்றுதான் கூப்பிட்டார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, சும்மா வாய்க்கு வந்துவிட்டது அப்படி. எனக்குத்தான் அதைக் கேட்கும்போதெல்லாம் பாவாடையை இழுத்துக் காலை மூடிக்கொள்ளத் தோன்றும்.

அப்போதுதான் பள்ளிக்கூடத்துக்குக் கராத்தே மாஸ்டர் வந்தார். வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டால் எல்லாரும் ஒன்றுபோல இருப்போம் என்பதற்காகவே சேர்ந்தேன். ஏறி இறங்கிப் பழகிய கால்கள், உதையெல்லாம் நன்றாகவே வந்தது. ஆண்டு விழாவுக்குக் கைமேல் பைக் ஏற்றப் போகிறேன், பயமில்லாதவர்கள் கை தூக்குங்கள் என்றார் மாஸ்டர். முதலில் தூக்கியது நான். ரொம்ப உயரமான பலாமரத்தின் கிளையில் உட்கார்ந்து பழம் தின்பவளுக்கு அதுவரை ஒரு பைக்கின் பக்கத்தில் போய் நிற்கவே பயம் என்பது வேறு விஷயம்.

மலையில் பிள்ளைகளைப் பொத்திப் பொத்தி வளர்த்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். என் அண்ணன் புளி உலுக்கும்போது மரத்திலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டான். அம்மா மூங்கில் பத்தையை வைத்துக் கட்டிவிட்டாள். கை கூடியதும் அதே மரத்தில் மறுபடி ஏறினான், யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. பொங்கலுக்கு மாடு விடும்போது பிள்ளைகள் பாறைமேல் உட்கார்ந்து பார்ப்போம். இறங்கி மாட்டைக் கட்டிய வடக்கயிற்றைப் பிடிக்கத் தைரியம் வந்தவன் இறங்குவான், வராதவன் அடுத்த பொங்கல்வரை பாறையிலேயே இருப்பான். அவனைப் பார்த்து யாரும் சிரித்ததாக எனக்கு ஞாபகமில்லை.

ஆண்டு விழாவுக்கு அம்மா வரவேண்டாம் என்பதுதான் என் ஆசை. அவளிடம் சொன்னேன், ஆனால் சொல்லும்போதே பஸ் கிடைக்காது, வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே என்றும் சேர்த்துச் சொன்னேன். மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் கைப்பை மாட்டிக்கொண்டு பவுடர் வாசனையோடு வருவார்கள். என் அம்மா முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் தெரிகிற மாதிரி புடவை கட்டிக்கொண்டு, சாக்குப்பையோடு வருவாள். வந்தாள். பஸ் தாமதமாகி, நாங்கள் வரிசையாகப் படுத்த பிறகு வந்து சேர்ந்தாள்.

இங்கே எங்கள் மலை வழக்கம் ஒன்றைச் சொன்னால்தான் மேற்கொண்டு நடந்தது புரியும். எங்கள் மாரியம்மன் திருவிழாவில், பிள்ளையில்லாத பெண்களும் வேறு வேண்டுதல் உள்ளவர்களும் ஈரத்துணியோடு கோயிலுக்கு எதிரே வரிசையாகக் குப்புறப் படுத்துக் கைகளை முன்னால் நீட்டுவார்கள். பூசாரி கரகத்தோடு அவர்களைத் தாண்டித் தாண்டிப் போவார். அம்மாவுக்கு ஆட்கள் வரிசையாகக் குப்புறப் படுத்தால் அது ஒன்றுதான். அதனால் மைதானத்தின் ஓரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டாள். சாக்குப்பையைக் கீழே வைத்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டு கையைக் கூப்பி நின்றாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிப் படுத்திருந்த நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். மண்ணுக்குள் போய்விடலாம்போல இருந்தது.

பைக் உறுமியது. வரிசையின் அந்தக் கோடியிலிருந்து கைகளின் மேல் ஏறி வரத் தொடங்கியது. அம்மாவின் கூப்பிய கை பிரிந்ததைப் பார்த்தேன். அடுத்துப் பார்க்கும்போது அவள் மைதானத்தின் நடுவே வெறுங்காலோடு ஓடி வந்துகொண்டிருந்தாள். எனக்கும் பைக்குக்கும் நடுவில் வந்து இரண்டு கையையும் விரித்து நின்றாள். மாஸ்டர் பிரேக் போட்டு, வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து அணைந்தது. காலையில் பலாப்பழம் அறுத்த கையோடு கிளம்பியிருக்கிறாள். பிசுபிசுத்த அந்தக் கையால் என் சட்டையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள்.

கூட்டம் சிரித்தது. மாஸ்டர் நல்ல மனிதர், கோபப்படவில்லை. "ஒண்ணும் ஆவாதும்மா, பயிற்சி குடுத்துருக்கோம்," என்றார்.

அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "நானு இன்னாவோ வேண்டுதலுன்னு கும்புட்டுக்கினு நிக்கிறேங்க. மரம் ஏறட்டும், வுழட்டும், அது அவளா செய்யிறது. புள்ளையப் படுக்க வச்சி மேல வண்டிய வுடறது இன்னா வெளாட்டுங்க?"

வேண்டுதல் என்றதும் கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது. அம்மா என்னை ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நான் படுத்திருந்த இடத்தை மற்றவர்கள் நகர்ந்து நிரப்பிக்கொண்டார்கள், பைக் மறுபடி கிளம்பியது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒருவனுக்காவது நகம் பிய்ந்திருந்தால் அம்மாவை மன்னித்திருப்பேன்.

அன்று சாயங்காலம் அவள் கொண்டுவந்த பலாச்சுளையை ஹாஸ்டல் பெண்களெல்லாம் ஆளுக்கொன்றாக எடுத்துத் தின்றார்கள், வேண்டுதல் பழம் என்று சொல்லிச் சொல்லித் தின்றார்கள். நான் தொடவில்லை. பஸ் ஏறும்போது அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நான் சட்டைக் கறையில் மண்ணெண்ணெயைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பால் கரைந்ததோ இல்லையோ, அந்த உடுப்பிலிருந்து மண்ணெண்ணெய் வாசம் கடைசிவரை போகவில்லை.

பிறகு வளர்ந்து, படித்து, கள்ளக்குறிச்சியில் ஓர் ஆபீசில் வேலைக்கும் வந்து, இங்கேயே கல்யாணமாகி, மலைப்பேச்சையெல்லாம் நாக்கிலிருந்து துடைத்துவிட்டேன். அந்தச் சம்பவம் மட்டும் சிரிப்புக் கதையாகிவிட்டது. விருந்தாளி வந்தால் சொல்வேன். கன்னத்தில் போட்டுக்கொள்வது, கையை விரித்துக்கொண்டு ஓடுவது எல்லாம் நடித்துக் காட்டுவேன். அம்மாவையே எதிரில் வைத்துக்கொண்டும் சொல்லியிருக்கிறேன். அவளும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். அவள் கண்மூடிய பிறகும் நான் நிறுத்தவில்லை. என் மகனுக்குச் சாப்பாடு ஊட்டியதே அந்தக் கதையைச் சொல்லித்தான். ஆயா பைக்கை நிறுத்திய கதையைச் சொல்லும்மா என்று அவனே கேட்பான். ஓடி வருகிற இடம் வந்ததும் எழுந்து குதிப்பான்.

அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைதான் இப்போது வரிசையில் படுத்திருந்தான். நான் நாற்காலியில் இருந்தேன்.

பைக் கிளம்பியது. பொய் சொல்ல மாட்டேன், எழுந்திருக்க வேண்டும் என்று தோன்றத்தான் செய்தது. பக்கத்தில் என்னோடு ஆபீசில் வேலை செய்கிற பெண் உட்கார்ந்திருந்தாள், அவள் மகனும் வரிசையில் இருந்தான். நான் எழுந்து ஓடினால் நாளைக்கு ஆபீஸ் முழுக்க இதே பேச்சாக இருக்கும். எத்தனை படித்தாலும் மலைக்காரி புத்தி போகுமா என்று கேட்பார்கள் என்று நினைத்தேன். இத்தனை வருஷத்தில் யாருமே என்னை அப்படிக் கூப்பிடவில்லை. நானே எனக்குள் கூப்பிட்டுக்கொண்டு, நானே பயந்து உட்கார்ந்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது.

என் மகன் முகத்தை என் பக்கமாகத் திருப்பிப் படுத்திருந்தான். போன் திரைக்குள் அவன் கண் நேராக என்னையே பார்த்தது. படத்துக்காகப் பார்க்கிறான் என்று நினைத்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். நினைத்தேன் என்பதுகூடச் சரியில்லை, அப்படி நினைத்துக்கொண்டேன்.

அவனுக்கும் ஒன்றும் ஆகவில்லை. கை லேசாகச் சிவந்திருந்தது, அவ்வளவுதான். சாயங்காலம் தைலம் தேய்த்துவிடும்போது, ஏதோ நினைவு வந்ததுபோலச் சொன்னான்.

"நீ வருவேன்னு பாத்துக்கினே இருந்தேம்மா."

"எங்கடா?"

"நடுவுல. ஆயா மாதிரி."

குறையாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டான். தைலத்தின் நெடி கண்ணைக் கரித்தது என்று சொல்லி முகம் கழுவப் போனேன். அன்றே ஸ்டேட்டஸை எடுத்துவிட்டேன். அதற்குள் பார்க்க வேண்டியவர்கள் எல்லாரும் பார்த்திருந்தார்கள்.

அதற்கடுத்த வாரம், நான் படித்த பள்ளிக்கூடத்தின் மைதானத்தைப் பார்க்கப் போனேன். பாதியில் வகுப்புக் கட்டடம் வந்துவிட்டது, மீதியில் பள்ளி வேன்கள் நிற்கின்றன. அம்மா செருப்பு கழற்றிய ஓரத்தில் சிமென்ட் கொட்டியிருக்கிறார்கள். அம்மா மலையிறங்கி வந்த தடத்தில் இப்போது நிறைய பஸ் ஓடுகிறது, ஆளாளுக்கு வண்டியும் இருக்கிறது. அந்த நாளில் அங்கே சிரித்தவர்கள் யாருக்கும் அவள் முகம் ஞாபகம் இருக்காது. அவளை ஞாபகம் வைத்திருந்தது நானும் என் மகனும்தான். நான் சிரிப்புக்காக வைத்திருந்தேன். அவன் நம்பி வைத்திருந்தான் என்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

அடுத்த விழாவுக்கு வயிற்றின் மேல் ஏற்றப் போகிறார்களாம். அவனே பெயர் கொடுத்துவிட்டு வந்தான். வேண்டாம் என்றேன். "ஒண்ணும் ஆவாதும்மா, பயிற்சி குடுத்துருக்காங்க," என்றான். எங்கேயோ கேட்ட குரலாக இருந்தது. என் வீட்டுக்காரர், அவனே ஆசைப்படுகிறான், விடு என்றார். அவன் ஆசைப்பட்டதெல்லாம் சரிதான், என்ன ஆசைப்பட்டான் என்பதை அன்று போன் திரையில் அவன் கண்ணிலேயே நான் பார்த்திருக்கிறேன்.

நேற்று ஒத்திகை என்றான். ஆபீசில் சொல்லிவிட்டு முன்னதாகவே கிளம்பிப் போனேன். போனைக் கைப்பைக்குள் போட்டுவிட்டு மைதானத்தின் ஓரத்தில் நின்றேன். பிள்ளைகள் வரிசையாக மல்லாந்து படுத்திருந்தார்கள். நான்கைந்து அம்மாக்கள் நிழலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பைக்கை ஸ்டார்ட் செய்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்தேன், பாதியில் ஓடவே செய்தேன். யாரோ பின்னாலிருந்து கூப்பிட்டார்கள், யாரோ சிரித்தார்கள்.

நான் வருவது அவனுக்குத் தெரியவில்லை. இந்தத் தடவை முகத்தை மறுபக்கமாகத் திருப்பிப் படுத்திருந்தான்.