கிராணி ஐயா காரும் என் கட்டை விரலும்

கோலா கிளாவாங் மலை ரோட்டில் மூன்றாவது வளைவு. ஐயா ஓட்ட, மெக்கானிக் நான் பக்கத்தில் உட்கார்ந்து சோதனை ஓட்டம். கார் ரெண்டு தரம் இருமியது. அப்புறம் இழுக்கவே இல்லை. பின்னால் வந்த லோரிக்காரன் ஹார்னை விட்டுக் கையை எடுக்கவில்லை.

பின் சீட்டிலிருந்து ஐயா வீட்டு அம்மா சொன்னார்: "வெள்ளிக்கிழமை இதே ரோட்டுலதான் அறுபதாம் கல்யாணத்துக்குக் கோயிலுக்குப் போகணும். மாலையும் கழுத்துமா நான் இறங்கித் தள்ள மாட்டேன்லா. இன்னைக்கு ஏறலைன்னா அந்த சிரம்பான்காரருக்கே வித்துடுங்க."

பழைய கார் சேர்க்கும் ஆள் அந்த சிரம்பான்காரர். வாரம் தவறாமல் போன் போடுவார்.

ஐயா ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தார். எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ரிட்டையர் ஆனவர். அவர் அப்பாவும் கிராணிதான். கார் அப்பா வாங்கியது. அம்மா கல்யாணப் பெண்ணாக வந்து இறங்கியதும் இதே காரில்தான். லுக்குட்டில் என் வொர்க்‌ஷாப் தவிர வேறு எங்கும் விடமாட்டார்.

நாலு மாதமாக இந்தத் தொல்லை. ஐயா நோட்டோடு வருவார். எஸ்டேட் ஆள்கணக்கு செக்ரோல் எழுதிய கை சும்மா இருக்குமா? "ரெம்பாவ் தாண்டி பவர் டவுன்" என்று மணி நேரம் போட்டு எழுதியிருப்பார். நானும் விடவில்லை. பிளக், பாயிண்ட் மாற்றினேன். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். பெட்ரோல் பம்ப் புதுசு போட்டேன். கம்ப்ரஷன் நாலு சிலிண்டரிலும் நன்றாகவே இருந்தது. லுக்குட் கடைத்தெருவை ரெண்டு சுற்று சுற்றினால் கார் பறக்கும்!

அம்மா மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒரே பாட்டுப் பாடுவார்: "பெட்ரோல் போட்டா சரியாயிடுதுப்பா."

ஐயாவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வோம். டேங்கில் பாதி இருக்கும்போது பெட்ரோல் எதற்கு? பெரிய இஞ்சினியர்கள் நாங்கள்.

அன்றும் அதையேதான் சொன்னார். "டின்னுல பெட்ரோல் கொண்டாந்தியே மாணிக்கம், ஊத்து."

"பாதி டேங்க் இருக்குங்கம்மா."

"இருக்கட்டும். ஊத்து."

அந்தக் குரலுக்குப் பயந்து இறங்கிப்போய் மூடியைத் திருகினேன். உஸ்ஸ்ஸ் என்று நீளமாகக் காற்று உள்ளே போனது. அட கடவுளே!

பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் காற்று போக, இந்த மாதிரி காரின் மூடியில் ஊசிமுனை அளவு ஓட்டை இருக்கும். அது அடைத்துக்கொண்டால் பம்ப் என்ன இழுத்தாலும் பெட்ரோல் வராது. மூடியைத் திறந்தால் காற்று போய்ச் சரியாகிவிடும். பெட்ரோல் போட்டபோதெல்லாம் நடந்தது அதுதான். கடைத்தெருவில் ரெண்டு சுற்றுக்குக் குறைகிற பெட்ரோல் கொஞ்சம்தான், அதனால் அங்கே தெரியவே இல்லை.

அம்மா கொடுத்த ஊக்கால் ஓட்டையைக் குத்தினேன். மஞ்சளாக உதிர்ந்தது. மணம் வேறு. சந்தனம்!

"எவன்டா இதுல சந்தனம் வச்சது?" என்று ஐயா கத்தினார்.

வேறு எவன்? ஆயுத பூஜைக்கு வொர்க்‌ஷாப் வண்டிகளுக்கெல்லாம் பொட்டு வைப்பது நான்தான். ஐயா கார் என் செல்லம். பானெட், ஸ்டியரிங், நாலு டயர் போதாதென்று பெட்ரோல் மூடியிலும் கட்டை விரலால் அழுத்தி வைத்திருந்தேன். மேலே இருந்தது கழுவியதில் போய்விட்டது. ஓட்டைக்குள் போனது காய்ந்து உட்கார்ந்துவிட்டது.

"நான்தாங்கய்யா" என்றேன். மானமே போயிற்று.

ஐயா நோட்டை எடுத்து எழுதினார்: "காரணம்: மாணிக்கம்."

கார் முக்காமல் முனகாமல் மலையேறியது. இப்போது வொர்க்‌ஷாப்புக்கு வரும் புதுப் பையன்களிடம் நான் சொல்வது இதுதான்: ஓட்டுகிறவரிடம் கேளுங்கள், கூட உட்கார்ந்து வருகிறவரிடம் ரெண்டு தடவை கேளுங்கள்.

வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் ஐயாவின் போன் அடித்தது. சிரம்பான்காரர். ஐயா கையிலிருந்து அம்மா அதை வாங்கினார், கழுத்தில் மாலையோடு.

"வண்டி விக்கிறதுக்கில்லப்பா. வேணும்னா மெக்கானிக்கைத் தர்றேன், ஓட்டிட்டுப் போ."